பறவை சுட்டும் சாஸ்திரம்

பட்சி சாஸ்திரம் என்ற பெயரில் நம் முன்னோர் எழுதி வைத்தவை, ஐந்து பட்சிகளின் ஊண், நடை, அரசு, துயில், சாவு ஆகிய தொழில்களை விரித்து, மனிதன் எந்த நாழிகையில் வழக்காடப் புறப்படலாம் என்பது வரை தெளிவுறுத்துகின்றனவே ஒழிய, ஒரு பறவையைக் கண்டவன் காணாதவனுக்கு அதைக் காட்டுவது எப்படி என்னும் அத்தியாவசியமான விஷயத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. இக்குறையை நிவர்த்தி செய்யும் பொருட்டு, வலசைக் காலத்தில் கோடியக்கரையில் விடியற்காலை தொடங்கி அந்தி வரை நிகழ்ந்த சுட்டுதல்களையும் அவற்றின் பலாபலன்களையும் ஆராயப் புகுகிறோம்.

அவ்வூரைத் தேர்ந்ததற்குத் தக்க காரணம் உண்டு. வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் கூடும் அம்முனையில், ஆண்டு முழுவதும் பசுமை மாறாத உலர்காடு ஒருபுறமும், சேற்றுவெளியும் உப்பளமுமாகக் கண்ணுக்கெட்டிய மட்டும் பரந்த சதுப்பு மறுபுறமும் இருப்பதால், மறைப்பு மிகுந்து காட்ட முடியாமையையும், மறைப்பே இல்லாமல் காட்ட முடியாமையையும் ஒரே நாளில் பரீட்சித்துவிடலாம். 1967-இல் வெளிமான்களை முன்னிட்டுச் சரணாலயமாகவும், 2002-இல் ராம்சர் உடன்படிக்கையின்படி சர்வதேச முக்கியத்துவமுள்ள சதுப்பு நிலமாகவும் அறிவிக்கப்பட்ட இடம் அது. இரண்டு அறிவிப்புகளுக்கும் நம் ஆராய்ச்சிக்கும் சம்பந்தமில்லை எனினும், ஆண்டைக் குறிப்பிடாத ஆராய்ச்சியைப் பண்டிதர்கள் மதிப்பதில்லை.

காட்டில் கைக்கொள்ளத்தக்கது சாகாசந்திர நியாயம். ‘அந்தக் கிளைக்கு நேரே பார், சந்திரன்’ என்று பாலகனுக்குக் காட்டும் முறையை வேதாந்திகள் பிரம்மத்தைக் காட்டவே பயன்படுத்தியிருக்க, ஒரு குருவிக்கு அது போதாதா என்பது பூர்வபட்சம். போதாது என்பதே சித்தாந்தம். இமயத்து அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியாவிலும் இனம் பெருக்கிவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் ஆறுமணிக் குருவி, சந்திரனைப்போல் கிளைக்கு மேலே விளங்குவதன்று. கிளைகளுக்கெல்லாம் கீழே, தரையில், சருகைப் புரட்டிக்கொண்டு திரிவது. பச்சை முதுகும், தோளில் நீலமும், அடிவயிற்றில் குங்குமச் சிவப்புமாக இத்தனை வர்ணங்களைச் சுமந்துகொண்டும், குட்டை வாலை மெல்ல மேலும் கீழும் அசைத்தபடி அது ஒரு நிழலில் நின்றுவிட்டால், பத்தடி தூரத்தில் நிற்பவனுக்குச் சருகைத் தவிர வேறொன்றும் புலப்படுவதில்லை.

“அந்தப் பாலை மரத்தடியிலே பாருங்க சார்” என்றார் வழிகாட்டி.

“எந்தப் பாலை தம்பி?” என்றார் எங்களுடன் வந்திருந்த ஓய்வுபெற்ற தாசில்தார்.

நியாயமான கேள்வி. அக்காட்டில் உலக்கைப் பாலையே மிகுதி. ‘பாலை மரத்தடியில்’ என்பது, கும்பகோணத்தில் ஒருவர் விலாசம் கேட்க, கோயிலுக்குப் பக்கத்தில் என்று விடையிறுப்பது போன்றது. ஆகவே வழிகாட்டி, மேனாட்டார் கையாளும் கடிகார முறைக்குத் தாவி, “நாலு மணியிலே ஆறுமணிக் குருவி சார்” என்றார். தாசில்தார் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “இப்பொழுது ஏழரை அல்லவா?” என்றார். ஏழரை என்ற சொல் காதில் விழுந்ததனாலோ என்னவோ, குருவி பறந்துவிட்டது.

நடுப்பகலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சாப்பிட்டோம்.

சேற்றுவெளிக்கு வேறு நியாயம் வேண்டும். அங்கே கிளையில்லை, மரமில்லை. உள்ளான்கள் மட்டும் கூட்டம் கூட்டமாகச் சேற்றைக் குத்திக்கொண்டு ஓடுகின்றன. இடமிருந்து மூன்றாவது என்று சொல்லி முடிப்பதற்குள் மூன்றாவது ஏழாவதாகிவிடும். இதற்கு உற்றது ஸ்தூலாருந்ததி நியாயம்: மங்கிய அருந்ததியைக் காட்ட, முதலில் அதன் பக்கத்திலுள்ள பெரிய நட்சத்திரத்தைக் காட்டிப் பின்னர் மெல்ல அதனிடம் அழைத்துச் செல்லுதல். ஆளுயரத்துக்குச் சற்றே குறைந்து நிற்கும் பூநாரையை முதலில் காட்டி, அதன் காலடியில், ஆர்க்டிக் கரையிலிருந்து பறந்து வந்திருக்கும் கொசு உள்ளானைக் காட்ட வழிகாட்டி முயன்றார். முறை சாஸ்திரோக்தமானதே. ஆயினும் வானத்து வசிஷ்டர் அருந்ததியை விட்டு எழுந்து நடந்து போகிறவரல்லர், பூநாரை நடந்தது. போதாக்குறைக்கு, கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு, அதன் பங்காளியாகிய பச்சைக்கால் உள்ளானுக்குக் கால் மஞ்சள் கலந்த பச்சை என்று இலக்கணம் கூறியிருந்தும், சேற்றில் இறங்கிய கால் எல்லாமே கறுப்பு.

இவ்வாறு இரு நியாயங்களும் தோற்ற பின்னும், உடன் வந்த அனைவரும் “பார்த்தேன், பார்த்தேன்” என்றே கூறினர். இது பொய்யன்று; மரபு. பட்டப்பகல் முகூர்த்தத்தில் புரோகிதர் விரல் நீட்ட, மணமக்கள் பந்தலின் ஓலையை அண்ணாந்து பார்த்து, அருந்ததியைக் கண்டதாகத் தலையசைப்பதில்லையா? நீட்டிய விரலை மடக்கிக்கொள்ள அனுமதிக்கும் அத்தலையசைப்பு இல்லாவிடில் கல்யாணமும் நடவாது, பறவை காணலும் நடவாது. தாசில்தார் மட்டும், சர்க்கார் உத்தியோக வாசனை போகாதவராய், “என் பார்வைக்கு வரவில்லை” என்று கடைசி வரை கையெழுத்திட மறுத்துவிட்டார்.

இனி ஒரு விண்ணப்பம். கோடியக்கரைக்கு வரும் பறவைகளில் பலவற்றைப் பிடித்து, காலில் எண் பொறித்த அலுமினிய வளையமிட்டுப் பறக்கவிடும் திருப்பணியைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாண்டுகளாகச் செய்திருக்கின்றனர். பறந்துவிடக்கூடிய ஜீவனுக்கு எண் கொடுத்திருக்க, நின்ற இடத்திலேயே நிற்கும் பாலை மரத்துக்கு எண் இல்லாதிருப்பது பெரும் முறைகேடு. சம்பந்தப்பட்டவர்கள் அடுத்த வலசைக் காலத்துக்குள்ளாவது ஆவன செய்ய வேண்டும்.