துரைமார் மூவர், டி-சட்டைகள் சில

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். கம்யூனிஸ்டுகள் செய்தது பச்சைக் கொலை, சட்டம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான். ஆனால் அந்தச் சட்டம் ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்று தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியை 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிட்டது. 1960-இல் அவசரகாலம் ஓய்வுபெற்றது. விசாரணையில்லாக் காவலுக்கோ உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரில் பணி நீட்டிப்பு. 2011-இல், 1969-ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டமொன்று சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜையே உள்ளே வைத்தது. அவர் கட்சியினர் கம்யூனிசத்துக்கு உயிர் கொடுத்தார்களாம். தடயம், மலாயா கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங் படம் போட்ட டி-சட்டைகள். சின் பெங்கின் கட்சி ஆயுதத்தைக் கீழே வைத்தது 1989-இல்.