நாற்காலி பக்தி

நம் கிராமத்துப் பெரியவர்களுக்கு நாற்காலியின் அருமை தெரிகிற மாதிரி நாடாளுமன்றத்தில் இருப்பவர்களுக்குக்கூடத் தெரியாது. அங்கே ஓட்டு வாங்கிவிட்டு வருகிற யார் வேண்டுமானாலும் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஊரில் அப்படி விட்டுவிட முடியுமா? ஓட்டு வேறு, உட்காருவது வேறு.

வடமாவட்டம் ஒன்றில், ஆதிதிராவிடர் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஓர் ஊராட்சிக்குப் போயிருந்தேன். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து, அதற்குப் பிறகு மூன்று கோடை கழிந்திருந்தது. தலைவர் அறையில் மேசைக்குப் பின்னால் ஒரு சுழல் நாற்காலி. முதுகில் மடிப்புக் கலையாத வெள்ளைத் துண்டு. கைப்பிடியில் கடையிலிருந்து வந்தபோது சுற்றியிருந்த பாலித்தீன் உறை இன்னும் கிழியாமல் இருந்தது. அரசாங்கச் சொத்தை இத்தனை பத்திரமாக வைத்திருப்பதைப் பார்த்திருந்தால், தொண்டைமானின் ஆயுதசாலையைச் சுற்றிப் பார்த்த ஔவைக்கே இன்னொரு பாட்டு வந்திருக்கும்.

"தலைவர் இல்லையா?" என்று கேட்டேன்.

"வாசல்ல நிக்கும் பாருங்க" என்றார் செயலர்.

'நிக்கும்' என்கிறார்களே என்று யாரும் கோபிக்க வேண்டாம். சமத்துவத்தை நாம் எங்கெங்கோ தேடுகிறோம். ஆண் பெண் என்ற பால் பேதம்கூடப் பார்க்காத அஃறிணையில் அது பத்திரமாக இருக்கிறது.

சட்டம் எழுதியவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அரசியலமைப்பின் 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. மறு வருடமே தமிழ்நாடு தனி ஊராட்சிச் சட்டம் செய்துகொண்டது. மக்கள்தொகை விகிதப்படி இன்னின்ன ஊராட்சிகளில் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு என்று எழுதிவிட்டு, காரியம் முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டார்கள். அதை எப்படிக் கடைப்பிடிப்பது என்ற நுணுக்கமெல்லாம் ஊர்க்காரர்களே ராப்பகலாக யோசித்துக் கண்டுபிடித்ததுதான். அந்த உழைப்புக்கு இதுவரை ஒரு கலைமாமணிகூடக் கொடுக்கவில்லை.

ஆரம்பத்தில் கை கொஞ்சம் முரடாக இருந்தது உண்மை. மதுரை மாவட்டம் மேலவளவில் முருகேசன் என்பவர் தலைவராக ஜெயித்தார். 1997 ஜூன் 30 அன்று மதுரையில் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பும்போது, அவரையும் உடன் வந்தவர்களையும் வழிமறித்து வெட்டிக் கொன்றார்கள். அவர் தலையைத் தனியாக எடுத்துப்போனார்கள். கலை வளராத காலம். ஒரு நாற்காலிப் பிரச்சினைக்கு அரிவாளைத் தவிர வேறு கருவி தெரியவில்லை. ஆனால் மன்னிக்கத் தெரிந்த அரசு நம்முடையது. எம்.ஜி.ஆர். நூற்றாண்டை முன்னிட்டு, அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றிருந்த 13 பேரை 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலை செய்தது. பிறந்தநாளுக்கு இனிப்பு கொடுப்பார்கள், வேட்டி சேலை கொடுப்பார்கள். இப்படியும் கொடுக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்?

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊர்களில்தான் கை பக்குவப்பட்டது. 1996 முதல் 2006 வரை பத்து ஆண்டுகள். தேர்தல் அறிவிப்பார்கள், வேட்புமனு வராது. வந்தால் ஊரே பார்த்து நிறுத்திய ஆளாக இருக்கும். ஜெயித்துப் பதவியேற்ற கையோடு ராஜினாமா. பதவியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும் அரசியல்வாதிகளைத் திட்டித் தீர்க்கும் நாடு இது. பதவியின் மேல் இவ்வளவு பற்றற்ற தலைவர்களை ஊருக்கு ஊர் உருவாக்கிக் காட்டியவர்களை யாரும் கவனிக்கவே இல்லை. 2006-இல் ஒருவழியாகத் தேர்தல் நடந்தது. நான்கு ஊரிலும் தலைவர்கள் வந்தார்கள். அரசு சென்னையில் 'சமத்துவப் பெருவிழா' எடுத்தது. தேர்தல் நடந்ததற்கே விழா எடுக்கும் அளவுக்கு உயர்ந்த ஜனநாயகம் வேறு எங்கே இருக்கிறது?

அதற்குப் பிறகு அரிவாளும் வேண்டியதில்லை, ராஜினாமாக் கடிதமும் வேண்டியதில்லை. ஒரு பேனா போதும்.

ஊராட்சிப் பணத்தை எடுக்க வேண்டுமானால் தலைவர் கையெழுத்தோடு துணைத்தலைவர் கையெழுத்தும் வேண்டும். தலைவர் பதவிக்குத்தான் ஒதுக்கீடு; துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். யாரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா? இந்த ஏற்பாட்டின் அழகை நான் அந்த ஊரிலேயே கண்ணால் கண்டேன்.

தலைவரம்மாவோடு துணைத்தலைவர் வீட்டுக்குப் போனேன். அகலமான திண்ணை, தேக்குத் தூண்கள். அவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். எனக்கு ஒரு நாற்காலி வந்தது. அம்மா படிக்கட்டுக்குக் கீழே வேப்பமர நிழலில், செக் புத்தகம் வைத்த மஞ்சப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். நிழலில் நிற்பதற்கு இடம் விட்டிருந்தார்கள் என்பதை இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும். அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும், அவருக்கு நாற்பத்தைந்து. அவர் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். அம்மா பிறந்ததிலிருந்து பழக்கமானவர் மாதிரி அத்தனை அன்யோன்யம்.

"என்ன?"

"மோட்டார் கருகிருச்சுங்கய்யா. காலனியில மூணு நாளா தண்ணி இல்ல. செக்குல உங்க கையெழுத்து ஒண்ணு..."

"இன்னைக்கு அஷ்டமி. வெள்ளிக்கிழமை வா."

எனக்கு மெய்சிலிர்த்தது. அஷ்டமியன்று கையெழுத்துப் போட்டு, அந்தப் பணத்தில் மோட்டார் வாங்கி, அதில் வந்த தண்ணீரைக் குடித்துக் காலனி ஜனங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? அவர்கள் நல்லது கெட்டதில் இத்தனை அக்கறை உள்ளவரைக் காலனியில் பிறந்தவர்களில்கூடக் காண முடியாது. முந்தின வாரம் அவர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாராம். அதற்கு முந்தின வாரம் பேனாவில் மை இல்லையாம்.

உள்ளேயிருந்து காபி வந்தது. அம்மாவுக்குப் பேப்பர் கப்பில். ஒருவர் குடித்ததில் இன்னொருவர் வாய் வைக்கக் கூடாது என்ற சுகாதாரம். இரட்டைக் குவளை என்று ஊரைத் தூற்றுகிறவர்கள் வந்து பார்க்கட்டும். அங்கே இரண்டாவது குவளை என்று ஒன்று இல்லவே இல்லை, குடித்ததும் கசக்கிப் போட்டுவிடலாம். எனக்கு எவர்சில்வர் டம்ளரில், டபராவோடு வந்தது. நான் மறுக்கவில்லை. காபி நன்றாகத்தான் இருந்தது.

இப்படிப்பட்டவர்களைத் தொந்தரவு செய்யவும் ஆட்கள் இருக்கிறார்கள். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவர் தரையிலும் மற்றவர்கள் நாற்காலியிலும் உட்கார்ந்திருந்த படம் வெளியாகி, வழக்கு வரை போய்விட்டது. தலைவர் மண்ணின் மக்களோடு மண்ணில் இருக்க வேண்டும் என்று காந்தியப் பிரசங்கம் செய்கிறவர்கள்கூட அன்று வாய் திறக்கவில்லை. அதே வருடம் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், ஆகஸ்ட் 15 அன்று தலைவரைக் கொடியேற்ற விடவில்லை என்று சத்தம். கலெக்டரும் போலீஸ் எஸ்.பி.யும் நேரில் வந்து 20-ஆம் தேதி ஏற்ற வைத்தார்கள். மற்ற ஊர்களுக்கெல்லாம் சுதந்திரம் காவலில்லாமல் வந்தது. அந்த ஊருக்கு மட்டும் ஐந்து நாள் தாமதமாக, போலீஸ் ஜீப்பில் வந்து இறங்கியது.

சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டு நிறைவு, 2022 ஆகஸ்ட். பட்டியல் வகுப்பைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதை யாரும் தடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தலைமைச் செயலாளர் எல்லாக் கலெக்டர்களுக்கும் கடிதம் எழுதினார். கொடியேற்ற என்னென்ன வேண்டும்? கம்பம், கயிறு, கொடிக்குள் கொஞ்சம் பூ, பிள்ளைகளுக்கு மிட்டாய், கோட்டையிலிருந்து ஒரு கடிதம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் ஒரு பிரிவு இருக்கிறது. பட்டியல் வகுப்பைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரோ உறுப்பினரோ தம் வேலையைச் செய்யவிடாமல் தடுப்பதும் குற்றம். ஆனால் யார் தடுத்தார்கள்? அஷ்டமி தடுத்தது, கல்யாணம் தடுத்தது, மை தீர்ந்தது தடுத்தது. இவர்கள் மேல் எந்த ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடுவது?

திரும்பி வரும் வழியில் மன்ற வாசலில் நின்று அம்மாவிடம் கேட்டேன். "நீங்க ஒரு தடவைகூட அந்த நாற்காலியில உக்காந்ததில்லையாம்மா?"

அம்மா செயலரின் வண்டி நிற்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். "உக்காந்தேன் சார். ஒரே ஒரு நாள். ஞாயித்துக்கெழம, யாரும் இல்ல. கூட்டுற பொண்ணு வரலன்னு நானே வெளக்கமாத்த எடுத்துக்கிட்டு உள்ள போனேன். கூட்டி முடிச்சுட்டு உக்காந்தேன். சுத்துது சார் அது."

"அப்புறம்?"

"யாரோ ஜன்னல் வழியா பாத்துட்டாங்க."

அந்த வாரத்திலிருந்து சனிக்கிழமை மாலையே அறையைப் பூட்டிவிடுகிறார்கள். சாவி துணைத்தலைவர் வீட்டில், சாய்வு நாற்காலிக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. காபி குடிக்கும்போது பார்த்தேன். சாவிக்கும் குங்குமம் வைத்திருந்தார்கள்.