முன்னாடி உள்ளதெல்லாம் பாத்துட்டீங்களா?

பெரம்பலூர் பாலக்கரைப் பக்கம் ஒரு செல்போன் கடையிலோ, அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி கிளப்பிவிடும் புழுதிக்கு நடுவே டீக்கடை பெஞ்சிலோ இவரைப் பார்க்கலாம். முப்பதைத் தொடப்போகிற வயது. திருவிழாக் கடையில் வாங்கிய பனியனில் ஒரு பக்கம் கேப்டன் அமெரிக்காவின் கேடயம், இன்னொரு பக்கம் எழுத்துப்பிழை. பிழை இருப்பது அவருக்கும் தெரியும். நீங்கள் சொன்னால்தான் கோபம் வரும்.

"அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் எப்படிங்க இருந்துச்சு?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் பதில் வராது. "முன்னாடி உள்ளதெல்லாம் பாத்துட்டீங்களா?" என்று திருப்பிக் கேட்பார்.

முன்னாடி உள்ளது மொத்தம் 21 மார்வெல் படம். 2008-இல் வந்த அயர்ன் மேன் முதலாவது. 2019 ஏப்ரல் 26 அன்று இங்கே வெளியான எண்ட்கேம் 22-ஆவது. அந்த 21-ஐயும் வரிசை பிசகாமல் பார்க்காதவர், உறவுமுறை தெரியாமல் பந்தியில் வந்து உட்கார்ந்தவர் மாதிரி. சாப்பிடலாம், வாயைத் திறக்கக் கூடாது. சரி, வரிசை என்றால் படம் வந்த வரிசையா, கதை நடக்கிற வரிசையா? இதைக் கேட்டீர்களோ, திருச்சி பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸும் போய்விடும்.

எண்ட்கேமை இவர் முதலில் தமிழில் பார்த்தார். பிறகு திருச்சிக்குப் போய் இங்கிலீஷில் பார்த்தார். தமிழ்ப் பதிப்புக்கு வசனம் ஏ.ஆர். முருகதாஸ், பிளாக் விடோவுக்குக் குரல் ஆண்ட்ரியா. இவை இரண்டையும் மன்னித்துவிட்டார். அயர்ன் மேன் டோனி ஸ்டார்க்குக்கு விஜய் சேதுபதி பேசியதைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை. இத்தனைக்கும் இவர் விஜய் சேதுபதி ரசிகர்.

"எனக்கும் சேதுபதி அண்ணனப் புடிக்கும்ணே. அதான் பிரச்சனையே! டோனி ஸ்டார்க் சாகுறாருன்னு அழலாம்னு பாத்தா, நம்ம 96 படத்து ராம் சாகுற மாதிரி இருக்கு. எதுக்குன்னு அழுவேன்?"

ரெண்டுக்கும் சேர்த்தே அழுதார் என்று கூடப்போனவர்கள் சொல்கிறார்கள்.

தியேட்டரில் இவரை அடையாளம் காண்பது சுலபம். நம்மூரில் பெயர் ஓட ஆரம்பித்த அடுத்த நொடி லைட்டைப் போட்டுக் கதவைத் திறந்துவிடுவார்கள். ஜனம் செருப்பைத் தேடும். இவர் மட்டும் அசையமாட்டார். எல்லாப் பெயரும் ஓடிய பிறகு அடுத்த படத்துக்கு ஒரு துண்டுக் காட்சி வைப்பது மார்வெல் வழக்கம். எண்ட்கேமில் அந்தக் காட்சி கிடையாது. கடைசியில் இரும்பை அடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். முதல் படத்தில் டோனி ஸ்டார்க் குகைக்குள் உட்கார்ந்து கவசம் செய்தாரே, அந்தச் சம்மட்டிச் சத்தம். அதற்குள் கூட்டிப் பெருக்குகிற அம்மா பாப்கார்னைத் தள்ளிக்கொண்டே இவர் வரிசைக்கு வந்துவிட்டார். "காலத் தூக்கு தம்பி." தம்பி காலைத் தூக்கிக்கொண்டார். டங், டங். கண்ணில் தண்ணீர். "என்னமோ அடிக்கிறானுவோ, பக்கத்துல பட்டறை கிட்டறை இருக்கா?" என்றார் அந்த அம்மா. அன்றைக்கு இவர் பட்ட வேதனையை வில்லன் தானோஸ்கூட யாருக்கும் கொடுத்ததில்லை.

இவரிடம் சொல்லவே கூடாத ஒரு வாக்கியம் உண்டு: "மொத ஒரு மணி நேரம் இழுவை." மூன்று மணி நேரப் படம் அது. இப்படிச் சொன்னதற்காகப் பள்ளிக்கூட நண்பர் ஒருவரோடு பேச்சை நிறுத்தியவர் இவர். பிறகு அந்த நண்பரின் பைக் தேவைப்பட்டதால் சமாதானம் ஆனது.

தானோஸ் சொடக்குப் போட்டதில் மறைந்தவர்கள் ஐந்து வருடம் கழித்துத் திரும்பி வருவதெல்லாம் நம்புகிற மாதிரியா இருக்கிறது என்று ஒரு வாத்தியார் டீக்கடையில் கேட்டார்.

"சார் எந்த மாவட்டம்?"

"அரியலூர்."

"2001 ஜனவரியில பெரம்பலூர்லேருந்து பிரிச்சாங்க. 2002 மார்ச்சுல மறுபடி எங்களோட சேத்துட்டாங்க. மாவட்டமே காணாமப் போச்சு. 2007 நவம்பர்ல திரும்பி வந்துச்சு. அஞ்சு வருசம் சார்! உங்க கலெக்டர் ஆபீசே போயிட்டு வந்துருக்கு, ஸ்பைடர்மேன் வரக்கூடாதா?"

வாத்தியார் டீயைக் கீழே வைத்துவிட்டார். நானும் பல விமர்சனங்கள் படித்திருக்கிறேன். கதையின் தர்க்கத்துக்கு இப்படி அரசாணையை ஆதாரம் காட்டியவர் வேறு யாருமில்லை. "அப்ப சொடக்குப் போட்டது யாருப்பா?" என்று பெஞ்சின் கோடியிலிருந்து ஒரு பெரியவர் கிளப்பினார். பெஞ்சில் இரண்டு கட்சிக் கரைவேட்டியும் இருந்தது. இரண்டு பேருமே இவர் கடையில் ரீசார்ஜ் செய்கிறவர்கள். "அண்ணே, ஒரு வடை" என்றார் நம் ஆள்.

2024 ஜூலையில், அயர்ன் மேனாக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியரே டாக்டர் டூம் என்ற வில்லனாக அடுத்த அவெஞ்சர்ஸ் படத்தில் வருகிறார் என்று அறிவித்தார்கள். செத்தவரைக் காசுக்காக எழுப்பக் கூடாது என்று காலையில் கொதித்தார். மல்டிவர்ஸில் இது சாத்தியம்தான் என்று சாயங்காலம் எங்களுக்கே பாடம் எடுத்தார். தமிழில் யார் குரல் கொடுப்பார்கள் என்ற கவலை ராத்திரி பிடித்துக்கொண்டது.

இப்படிப்பட்டவருக்கு அரியலூரில் பெண் பார்த்தார்கள். சிமெண்ட் ஆலை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிற பெண். ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்க என்று மாடிக்கு அனுப்பினார்கள். பைக் கொடுத்த நண்பரும் ஒரு பாதுகாப்புக்காக மாடிப்படி வரை போயிருந்தார். வேலை, சம்பளம், சமையல் எதையும் இவர் கேட்கவில்லை. "எண்ட்கேம் பாத்துருக்கீங்களா?" என்றார்.

"பாத்தேங்க. மொத ஒரு மணி நேரம் ஒரே இழுவை. தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா யாரையோ தூக்கிட்டுப் போறாங்க."

படியில் நின்ற நண்பர் கண்ணை மூடிக்கொண்டார். பஸ்ஸா, பைக்கா, எதில் ஊர் திரும்புவது என்று யோசிக்கவும் தொடங்கிவிட்டார்.

"ஆமாங்க" என்றது இவர் குரல். "எடிட்டிங்ல ஒரு அரை மணி நேரம் வெட்டியிருக்கலாம்."

"டேய்!" என்றார் நண்பர், கீழே காபி குடித்துக்கொண்டிருந்த இரண்டு வீட்டாரும் அண்ணாந்து பார்க்கும்படி.