பலாப்பழக் கட்டடத்தில் பாப்பாக்களுக்கு ஒரு மேடை

சிங்கப்பூர்



சிங்கப்பூரில் மரினா விரிகுடாக் கரையில் உள்ள எஸ்பிளனேட், இசை, நாட்டியம், நாடகம் மூன்றுக்கும் சேர்த்து அந்த நகரம் கட்டிக்கொண்ட கலை அரங்கம். 2002 அக்டோபர் 12 அன்று அதைத் திறந்துவைத்தவர் அன்றைய அதிபர் எஸ். ஆர். நாதன், தமிழர். கட்டடத்துக்கு இரண்டு கூரைகள். வெயிலைத் தடுக்க அவற்றின் மேல் 7,000-க்கும் அதிகமான அலுமினியத் தகடுகள் முள் முள்ளாக நிற்கின்றன. நகரத்தார் அதை டுரியான் என்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர் பார்த்தால் குமுளிப் பக்கத்துப் பலாப்பழம் என்பார்.

பழத்துக்குள் சுளைகள் பல. கச்சேரி மண்டபத்தில் சுமார் 1,600 இருக்கைகள், நாடக அரங்கில் சுமார் 2,000. இருநூறு சொச்சம் பேர் உட்காரும் சிறு அரங்குகள் இரண்டு. 2022-இல் தண்ணீர்க்கரையை ஒட்டி ஏறத்தாழ 600 பேருக்கான புதிய அரங்கு ஒன்றும் சேர்ந்தது. இவை தவிர, கதவும் டிக்கெட்டும் இல்லாத இரண்டு மேடைகள் உண்டு. குடும்பஸ்தர்கள் அதிகம் அறிந்தவை அவைதாம்.

கச்சேரி மண்டபத்தின் பெருமை அதன் அமைதி. வெளியே ஓடும் வண்டிகளின் அதிர்வு உள்ளே வராதபடி அது ரப்பர் மெத்தைகளின் மேல் நிறுத்தப்பட்டிருக்கிறது. ஜெர்மனியின் கிளைஸ் நிறுவனம் செய்த ஆர்கன் ஒன்று அங்கே 4,740 குழாய்களோடு நிற்கிறது. மேடையில் ஒருவர் பெருமூச்சு விட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். கடைசி வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டால் மேடைக்கும் அப்படியே கேட்கும். அதனால்தான் பெரியவர்களுக்கான பல கச்சேரிகளில் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை. அந்தக் குறையை ஈடுகட்ட, சின்னவர்களுக்கென்றே தனியாக நிகழ்ச்சிகள் தயாரிக்கிறார்கள்.

‘ப்ளேடைம்’ என்ற வரிசை பள்ளிக்குப் போகாத வாண்டுகளுக்கானது. சிறிய அரங்கு, சில நடிகர்கள், கொஞ்சம் பொம்மை, கொஞ்சம் பாட்டு. ஒரு மணி நேரத்துக்குள் கதை முடிந்துவிடும். குழந்தை எவ்வளவு நேரம் ஓரிடத்தில் உட்காரும் என்பதை அனுபவத்தில் கண்டு வைத்த அளவு அது. பல நிகழ்ச்சிகளில் தரையில் உட்கார்ந்தே பார்க்கலாம். நடுவில் எழுந்து ஆடினாலும், நடிகரிடம் கேள்வி கேட்டாலும், கரடியைக் கண்டு அழுதாலும் யாரும் திரும்பி முறைப்பதில்லை.

எந்த வயதுக்கான நிகழ்ச்சி என்பதை முன்னதாகவே அறிவித்துவிடுகிறார்கள். தேனி மாவட்டத்தில் குழந்தையின் வயதைக் கேட்கும் ஒரே மனிதர் பஸ் கண்டக்டர். அவரிடம் அது எப்போதும் ஒரு வயது குறைந்தே இருக்கும். எஸ்பிளனேடில் அந்தச் சாமர்த்தியத்துக்கு வேலை இல்லை. குழந்தைகள் நிகழ்ச்சியில் மடியில் இருக்கும் சிசுவும் தலைக்கணக்கில் சேரும்; அதற்கும் டிக்கெட் உண்டு. டாலரை ரூபாயாகப் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் புதிதாக வந்தவரை விட்டு நீங்கச் சில ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை டிக்கெட் வாங்கும் இடத்தில் தகப்பனின் உதடு சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருக்கும்.

ஆண்டு முழுவதும் எந்த மாதம் எந்த விழா என்பது பள்ளி விடுமுறையையும் பண்டிகையையும் ஒட்டி அமைகிறது. மார்ச் விடுமுறையில் சிறுவர்களுக்கான ‘மார்ச் ஆன்’. அக்டோபர் முதல் வெள்ளிக்கிழமை சிங்கப்பூரில் குழந்தைகள் தினம்; அதை ஒட்டி ‘அக்டோபர்ஸ்ட்’. சீனப் புத்தாண்டுக் காலத்தில் ‘ஹுவாயி’, மலாய்க் கலைகளுக்குப் ‘பெஸ்தா ராயா’, தீபாவளிப் பருவத்தில் ‘கலா உற்சவம்’. மூன்று இனத்துப் பிள்ளைகளும் மூன்றுக்கும் வருகிறார்கள். சிங்க நடனத்துக்கு முதல் வரிசையில் தமிழ்ப் பிள்ளையும், தவிலுக்கு முதல் வரிசையில் சீனப் பிள்ளையும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது சாதாரணக் காட்சி.

கலா உற்சவம் அரங்கம் திறந்த 2002-லேயே தொடங்கியது. பரதநாட்டியம், கர்நாடக இசை, நாடகம், பட்டறைகள் என்று பல நாள் நடக்கும். இந்தியாவிலிருந்து வரும் கலைஞர்களோடு உள்ளூர்க்காரர்களும் மேடை ஏறுகிறார்கள். சிங்கப்பூருக்கு இந்தக் கலைகள் புதிதில்லை: சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949-இலும், கே. பி. பாஸ்கரின் நாட்டியப் பள்ளி 1952-இலும், அப்சராஸ் ஆர்ட்ஸ் 1977-இலும் தொடங்கியவை. அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர்தான் விழாவின் நிலையான ரசிகர்கள். தம் பிள்ளை ஆடும்போது மற்ற எல்லோரும் தாளம் தவறுவதாக அவர்களுக்குத் தோன்றும். இந்த நோய்க்குத் தேனி மாவட்டத்து ராயப்பன்பட்டிப் பள்ளி ஆண்டு விழாவிலும் மருந்து கிடையாது.

இலவச மேடைகளில் ஒன்று கட்டடத்தின் முன்கூடம், இன்னொன்று தண்ணீர்க்கரைத் திறந்தவெளி அரங்கு. மாலை வேளையில், சிறப்பாக வார இறுதியில், அங்கே பாட்டோ ஆட்டமோ நடந்துகொண்டிருக்கும். டிக்கெட் இல்லை, முன்பதிவு இல்லை. பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டியை அழைத்துப்போக இதைவிடத் தோதான இடம் கிடையாது. பாட்டுப் பிடிக்காத தாத்தாவுக்கும் வழி இருக்கிறது. எதிரே உள்ள எஸ்பிளனேட் பூங்காவில், 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய இந்திய தேசிய ராணுவ நினைவுச் சின்னம் இருந்த இடத்தை ஒரு கல் காட்டுகிறது. மூலச் சின்னத்தை வெள்ளையர் திரும்பி வந்ததும் இடித்துவிட்டார்கள். இன்றுள்ள கல் 1995-இல் வைத்தது. அதன் அருகே நின்று தாத்தா சரித்திரம் சொல்லத் தொடங்கினால், உள்ளே நடக்கும் கச்சேரி முடிந்தாலும் அவர் முடிப்பதில்லை.

அரங்குகளுக்குள் ஒழுங்கு கண்டிப்பானது. தாமதமாக வந்தவர் தகுந்த இடைவெளி வரும்வரை வாசலில் நிற்க வேண்டும். அமைச்சரின் மாமா என்றாலும் ஆடல் நடுவில் கதவு திறக்காது. முறுக்கு, கடலை, சுண்டல் எல்லாம் வெளியோடு சரி. அதனால் கைப்பையில் முறுக்கு வைத்திருக்கும் பாட்டி அதைக் கடிக்காமல் வாயில் ஊறவைத்துச் சாப்பிடும் கலையை அங்கே கற்றுக்கொள்கிறார். ஏசிக் குளிர் மேகமலைக் குளிரையும் மிஞ்சும். சால்வை இல்லாமல் போனவர் இடைவேளைக்கு முன்பே நாடகத்தின் முடிவை விரும்பத் தொடங்கிவிடுவார்.

ராயப்பன்பட்டி வட்டாரத்தின் வழக்கம் வேறு. கோயில் திருவிழாவில் ‘வள்ளி திருமணம்’ இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை போகும். பாயும் தலையணையுமாக வந்த குழந்தைகள் முதல் தர்க்கத்திலேயே தூங்கிவிடும். பபூன் வரும்போது எழுப்பிவிடச் சொல்லிவிட்டுத் தூங்கும் பிள்ளைகளும் உண்டு. எழுப்ப வேண்டியவர் தாமே தூங்கிப்போவது வழக்கம். வயது கேட்பாரில்லை, கட்டணம் இல்லை, சாதி சனம் எல்லாம் ஒரே மண்ணில் உட்காரும். எஸ்பிளனேட் இலவச மேடை கட்டிச் சேர்க்கப் பார்க்கும் கூட்டம் ஊரில் தானாகவே சேர்கிறது. ஆனால் அந்த நாடகம் பெரியவர்களுக்காக நடப்பது. பிள்ளைகள் உடன் வந்தவர்கள் மட்டுமே. தாங்கள் விழித்திருக்கும் நேரத்தில், தங்கள் அளவுக்கு வெட்டிய கதை ஒன்றை அவர்கள் பார்த்ததில்லை. சிங்கப்பூர் அரங்கத்திடம் கற்க வேண்டியது இந்த ஒன்றுதான். அதற்கு ரப்பர் மெத்தையும் வேண்டாம், அலுமினியத் தகடும் வேண்டாம்.

எனவே ஊர்க் கோயில் விழாக் கமிட்டிக்கு ஒரு விண்ணப்பம். நாடக மேடை மாலையிலேயே போட்டாகிவிடுகிறது; மைக்செட்டுக்காரரும் மதியமே வந்து ‘ஹலோ’ சொல்லிக்கொண்டிருக்கிறார். மாலை ஆறு முதல் ஏழு வரை அந்த மேடையைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கலாம். தோல்பாவைக்கூத்து ஒரு வருஷம், தேவராட்டம் ஒரு வருஷம், பபூனை மட்டும் தனியாக அழைத்து அரைமணி நேரம் ஒரு வருஷம். முன்வரிசை முழுக்கப் பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு. தலைவர், பொருளாளர் நாற்காலிகள் அன்று ஒரு மணி நேரம் பின்னால் இருக்கட்டும். பொன்னாடை போர்த்துவதும் வாழ்த்துரை வழங்குவதும் ஏழு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். கமிட்டி ஒப்புக்கொண்டால் முதல் வருஷச் செலவுக்குப் பணம் சிங்கப்பூரிலிருந்து வரும். ரசீதில் பெயர் போட வேண்டியதில்லை.