சம்படம் நிரந்தரம்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணி ஒருவர் இருக்கிறார். காலை வணக்க ரோஜாப்பூவை அனுப்பி முடித்த கையோடு, வீட்டில் சாமான் சேராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று வீடியோ அனுப்புவார். போன ஞாயிற்றுக்கிழமையும் ஒன்று வந்தது. வெள்ளைச் சுவர், வெள்ளை சோபா, ஒரே ஒரு பூஞ்சாடி. அந்த வீட்டில் யாரும் சமைப்பதாகவோ துணி உலர்த்துவதாகவோ தெரியவில்லை. வேண்டாததை எல்லாம் இன்றே வெளியேற்றுங்கள் என்று ஒரு பெண்மணி சிரித்த முகமாகச் சொன்னார்.

அன்று மாலையே, பேரனின் காதுகுத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதே அண்ணி ஆளுக்கொரு எவர்சில்வர் சம்படம் கொடுத்தார். அம்மாவும் கூட வந்திருந்ததால் எங்களுக்கு உபரியாக இன்னொன்று.

“இவ்வளவு எதுக்கு அண்ணி?”

“இருக்கட்டும் தம்பி, எதுக்காவது ஆகும்.”

அண்ணியே வழி சொல்லும்போது நான் சொல்லக்கூடாதா? வீட்டில் அடைசல் சேராமல் இருக்க என்னிடம் மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் செலவில்லாதவை. முதல் வழி, வருவதை வாசலிலேயே நிறுத்துவது. அதை விளக்குவதற்கு முன் இந்தச் சம்படத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரேர்லி என்பவர், துப்பாக்கிக் குழாய் சீக்கிரம் தேய்ந்துபோகாமல் இருக்க ஓர் உலோகம் தேடினார். இரும்போடு சுமார் 12.8 சதவீதம் குரோமியம் சேர்த்துப் பார்த்தார். துருப்பிடிக்காத எஃகு, அதாவது நம் எவர்சில்வர், கிடைத்தது. துப்பாக்கியோடு அவர் நிறுத்தியிருக்கலாம். நம் பரணுக்கு அந்த மனிதர் செய்த தீங்கு கொஞ்சநஞ்சமல்ல. மண்சட்டி உடையும். பித்தளைக்கு ஈயம் போகும். கண்ணாடி டம்ளரிடம்கூட ஒரு நாகரிகம் உண்டு. என்றைக்காவது கைதவறி விழுந்து தானாகவே விடைபெற்றுக்கொள்ளும். எவர்சில்வர் விழுந்தால் தெருவையே எழுப்பிவிட்டு, ஒரு சின்ன நசுங்கலோடு மறுபடியும் அலமாரிக்குத் திரும்பி வரும்.

சரி, சாகாத பாத்திரம்தானே, இன்னொருவர் வீட்டு விசேஷத்துக்குத் தள்ளிவிடலாம் என்பீர்கள். அங்கேதான் பாத்திரக் கடைக்காரர் குறுக்கே நிற்கிறார். கையில் பெயர் வெட்டும் மெஷின். முன்பெல்லாம் உளியும் சுத்தியலுமாகப் புள்ளி புள்ளியாக வெட்ட வேண்டும். கை வலிக்கும் என்பதால் இனிஷியலோடு விட்டுவிடுவார்கள். மெஷின் வந்ததும் அந்தத் தயவும் போயிற்று. குழந்தையின் பெயர், தேதி, என்ன விசேஷம், அன்புடன் தாத்தா பாட்டி என்று சம்படத்தைச் சுற்றி ஒரு கல்வெட்டே ஓடுகிறது. கல்யாணப் பாத்திரம் என்றால் மணமக்களின் பட்டப்படிப்பும் உண்டு. பி.இ., எம்.பி.ஏ. என்று எழுதியிருக்கும் கிண்ணத்தில் ரசம் ஊற்றிக் குடிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பெயர் வெட்டாத பாத்திரத்தை இந்த வீட்டுச் சீமந்தத்திலிருந்து அந்த வீட்டு கிரகப்பிரவேசத்துக்குக் கைமாற்றலாம், யாருக்கும் நஷ்டமில்லை. பெயர் வெட்டியது வந்த வீட்டிலேயே தங்கிவிடும். எங்கள் சமையலறையில் என்னுடைய பெயர் போட்ட பாத்திரம் ஒன்றுகூடக் கிடையாது. யார் யாரோ அலமாரியை நிறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். முகம்கூட ஞாபகம் இல்லாத ஒருவரின் அறுபதாம் கல்யாணத்தில் எங்கள் புளி இருக்கிறது. ஒரு ஜோடி கோர்ட்டுக்குப் போய், விவாகரத்து வாங்கி, ஆளுக்கொரு ஊரில் நிம்மதியாக இருக்கிறார்கள். எங்கள் தூக்குவாளி மட்டும் இன்னும் அவர்களைச் சேர்த்தே வைத்திருக்கிறது.

வீட்டை ஒழுங்குபடுத்தச் சொல்லித்தரும் ஜப்பானிய எழுத்தாளர் மாரி கோண்டோவைப் படித்தவர்கள் இப்போது எனக்குப் புத்தி சொல்ல வருவார்கள். நானும் படித்தேன். 2014-ல் ஆங்கிலத்தில் வந்த புத்தகம். 2019-ல் நெட்ஃபிளிக்ஸ் தொடரும் வந்தது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுக்க வேண்டும். மனதில் சந்தோஷம் துளிர்த்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். அப்படித்தான் ஒரு அடுக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். சந்தோஷம் துளிர்ப்பதற்குள் அம்மா வந்துவிட்டார்.

“அதை எங்கேடா தூக்கிட்டுப் போறே?”

“வேண்டாததை எல்லாம் எடைக்குப் போடலாம்னு…”

“உங்க பெரியப்பா வெச்சுக் குடுத்தது. அவர் இருக்கும்போதே எடைக்குப் போடறியா?”

ஜப்பானிய அம்மையாருக்கு இந்த இடம் புரியாது. அங்கே பொருள் வாங்கினவருக்குச் சொந்தம், வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் அவர் இஷ்டம். இங்கே வீட்டில் இருப்பதில் பாதி நாம் வாங்கியதே இல்லை. உறவுக்காரர்கள் தங்கள் பாசத்தை நம் பரணில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். வாடகையும் தருவதில்லை, எடுத்துக்கொண்டு போவதுமில்லை. அந்த அம்மையாரே, மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு வீட்டை ஒழுங்குபடுத்துவதை ஏறக்குறைய விட்டுவிட்டதாக 2023-ல் சொல்லிவிட்டார். அண்ணி அதை மட்டும் குழுவில் போடவில்லை.

போகி இருக்கிறதே என்பீர்கள். மண்சட்டியும் கோரைப்பாயும் புழங்கிய காலத்தில் போகிக்கு ஓர் அர்த்தம் இருந்தது. இப்போது டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துகிறார்கள். கொளுத்தாதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் கெஞ்சுகிறது. 2018 போகியன்று சென்னையில் புகை மண்டி, விமானங்கள் இறங்க முடியாமல் திண்டாடின. அவ்வளவு புகைக்கு நடுவிலும் சம்படத்துக்கு ஒன்றும் ஆகாது. அது உருகக் கிட்டத்தட்ட 1,400 டிகிரி செல்சியஸ் வேண்டும். தெருமுனையில் எரிகிற பழம்பாய் அதை வெதுவெதுப்பாக்கலாம், அவ்வளவுதான்.

எடைக்குப் போட்டால் பாத்திரக் கடைக்காரர் காசா தருகிறார்? கழித்துக்கொண்டு புதுப் பாத்திரம் தருகிறார். தெருவில் கூவிக்கொண்டு வருகிறவரிடம் பழைய துணி போட்டாலும் ஒரு பேசின்தான் கிடைக்கும். அந்தப் பேசினுக்காக என் நல்ல பேண்ட் ஒன்றும் போயிருக்கிறது, அது வேறு கதை. இந்த வியாபாரங்களிலேயே யோக்கியமானது பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்தான். ஓட்டை வாளி வெளியே போகும், பழம் உள்ளே வரும், பழமும் ராத்திரிக்குள் காலி. சாமானை வெளியேற்ற இதைவிட நல்ல திட்டத்தை எந்த வீடியோவிலும் நான் பார்க்கவில்லை. அப்படிக் கூவிக்கொண்டு எங்கள் தெருவுக்கு இப்போது யாரும் வருவதில்லை.

இரண்டாவது, மூன்றாவது வழிகளுக்கு இங்கே இடமில்லை. பரணிலும் இல்லை.

ஆகவே, இந்த வருஷம் விசேஷம் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். முறுக்கு கொடுங்கள். அதிரசம் கொடுங்கள். ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுங்கள். இரண்டு நாளில் தின்று தீர்த்துவிட்டு உங்கள் குலத்தையே வாழ்த்துவோம். பாத்திரம்தான் கொடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், பெயர் வெட்டாமல் கொடுங்கள்.