பன்னீரா, பனீரா? – பெரியப்பா பதில்கள்

மறைமலை நகர் மாணவி: பெரியப்பா, கடைப் பலகையில் ‘பன்னீர் பக்கோடா’ என்று எழுதியிருக்கிறார்களே, சரியா?

பன்னீர், கல்யாண வாசலில் தெளிப்பது. தட்டில் வருவது பனீர். பாரசீகத்திலிருந்து வந்த சொல். அந்தப் பலகை எழுதியவரை வரவேற்பில் நிறுத்தினால் மாப்பிள்ளை தலையில் பால்கட்டி விழும்.

கூடுவாஞ்சேரி வாசகர்: அமெரிக்காவில் இருக்கும் மகன் ‘சீஸ் கர்ட்ஸ்’ பொரித்துத் தின்றானாம். நம்ம பனீர்தானே அது?

பங்காளி. உடன்பிறப்பு இல்லை. ரென்னட் நொதி விட்டு உறைய வைத்த பாலை, கட்டியாக அழுத்துவதற்கு முன்பே துண்டு துண்டாக அள்ளுவார்கள். விஸ்கான்சின் மாநிலத்துக்காரர்களுக்கு அதுதான் உயிர். புதுத் துண்டைக் கடித்தால் ‘கீச்’ என்று கத்தும். மாவில் தோய்த்துப் பொரித்து, மோர் கலந்த ராஞ்ச் சாஸில் முக்குவார்கள். மோரில் பஜ்ஜியை நாம் முக்கினால் மட்டும் ஊர் சிரிக்கும்!

பொத்தேரி வாசகர்: எண்ணெயில் சீஸ் உருகுகிறது. பனீர் ஏன் அசையவில்லை?

காய்ச்சிய பாலில் எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்தது பனீர். அந்தப் புளிப்பு, புரதத்துக்கு நடுவே இருந்த கால்சியத்தைக் கரைத்துவிடும். புரதங்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். சூடு ஏற ஏறத் தண்ணீர்தான் போகும், பிடி தளராது. வட்டிக்கடைக்காரர் ரகம்.

ஊரப்பாக்கம் வாசகி: பனீர் 65-இல் அந்த 65 எதற்கு?

மவுண்ட் ரோடு புஹாரி ஓட்டலில் 1965-இல் சிக்கன் 65 பிறந்ததாகக் கணக்கு. கோழி இறங்கியது, பனீர் ஏறியது. ரூட் நம்பர் அதேதான்.

செங்கல்பட்டு வாசகர்: கெட்சப் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பா?

பெயர் சீனத்து ஹொக்கியன் மொழி. முதலில் அது மீன் ஊறிய சாறு. தக்காளி பின்னால் குடிவந்து வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டது.

வண்டலூர் வாசகி: மகள் மயோனைஸ்தான் வேண்டும் என்கிறாள்.

பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டது தமிழக அரசு. கிருமி பயம். புதினா சட்னியில் கொஞ்சம் தயிர் அடித்து, ‘கிரீன் மயோ’ என்று நீட்டுங்கள். பெயருக்குத்தானே அடம்?

பரனூர் வாசகர்: சரி, பக்கோடாவுக்கு எது தோது?

பனீருக்குச் சொந்தக் குரல் கிடையாது. சட்னிதான் பின்னணி பாட வேண்டும். துண்டுகளை உப்பு, மிளகாய்த்தூளில் பிரட்டிக் கால் மணி நேரம் வையுங்கள். கடலை மாவில் ஒரு பிடி அரிசி மாவு. தொட்டுக்கொள்ளப் பூண்டும் காய்ந்த மிளகாயும் அரைத்த சிவப்புச் சட்னி. தேங்காய்ச் சட்னி என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. அவர்கள் பங்கையும் நானே சாப்பிட்டுவிடுவேன்.

தாம்பரம் வாசகர்: சிங்கப்பெருமாள் கோவில் வருகிறேன். முதலில் தரிசனமா, டிபனா?

எண்ணெய்க் கையோடு போகாதீர்கள். பாடலாத்ரி நரசிம்மருக்கு நெற்றிக்கண் உண்டு. அர்ச்சகர் திருமண்ணை விலக்கித் தீபத்தில் காட்டுவார். குடைவரைக் கோயில், ஆகவே சந்நிதியைச் சுற்ற மலையையே சுற்ற வேண்டும். பக்கோடாவுக்கு அதுவே முன்பணம்.

அதே வாசகர்: தாம்பரத்துக்குப் பார்சல் கட்டலாமா?

மறைமலை நகர்தான் அடுத்த ஸ்டேஷன். அதற்குள் முடித்துவிடுங்கள். சட்னிப் பொட்டலம் பத்திரம், எதிர் சீட்டில் வெள்ளை வேட்டி!