டவுன் பஸ்ஸில் ஆர்க்டிக் வரை

நார்வே கடற்கரையின் மீனவ ஊர்களைக் கப்பலில் சுற்றிப் பார்க்க ஆசை. சொகுசுக் கப்பலில் டிக்கெட் எடுக்கட்டுமா? (திருநெல்வேலி வாசகர்)

எடுக்கலாம். பல ஊர்களைத் தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பலாம். மிதக்கும் ஐந்து நட்சத்திர ஓட்டலுக்குச் சின்னத் துறையில் இடம் ஏது? நீங்கள் ஏற வேண்டியது ‘ஹுர்திக்ருட்டன்’ கப்பல். ‘விரைவுத் தடம்’ என்று அர்த்தம். குணத்தில் நம் டவுன் பஸ். தெற்கே பெர்கனில் கிளம்பி, ரஷ்ய எல்லையோரம் இருக்கும் கிர்கெனெஸ் வரை 34 துறைகளில் நின்று நின்று போகும். போய்வர 12 நாள்.

1893-ல் ரிச்சர்ட் வித் என்ற கேப்டன் தொடங்கிவைத்தது. அதற்கு முன் ட்ரொண்ட்ஹெய்மில் போட்ட கடிதம் வடக்கே ஹாமர்ஃபெஸ்ட் போய்ச்சேரக் கோடையில் மூன்று வாரம், குளிர்காலத்தில் ஐந்து மாதம்கூட ஆகுமாம். பாறை நிறைந்த கடல், மாதக்கணக்கில் இருட்டு, வழிநெடுக 28 கலங்கரை விளக்கம்தான். இந்த வழியில் கப்பல் விட மற்றவர்கள் கையை விரித்துவிட்டார்கள். வித்தின் நீராவிக் கப்பல் மூன்று நாளுக்குள் போய் நின்றது. இன்றைக்கும் கீழே சரக்கு, மேலே கேமராவோடு நீங்கள், நடுவில் பக்கத்து ஊர் டாக்டரைப் பார்க்கப் போகிற பாட்டி.

ஒவ்வொரு ஊரிலும் இறங்கிப் பார்க்கலாமா? (சேலம் வாசகி)

சில ஊரில் மூன்று மணி நேரம், சில ஊரில் கால் மணி. சில ஊர் நடுராத்திரி இரண்டு மணிக்கு வரும். ‘இதோ அஞ்சு நிமிஷம்’ என்று டீ குடிக்கப் போகாதீர்கள். ஹாரன் அடித்துக் காத்திருக்கும் நம் டிரைவர்களின் நல்ல மனசு அந்தக் கேப்டன்களுக்குக் கிடையாது.

அங்கேயும் கருவாடு போடுவார்களாமே, நம்முடையது மாதிரி இருக்குமா? (நாகப்பட்டினம், கருவாட்டு வியாபாரி)

தொழில்காரர் கேள்வி. உப்பே கிடையாது என்றால் நம்புவீர்களா? ஜனவரி முதல் ஏப்ரல் வரை, பேரண்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன் கூட்டம் முட்டையிட லோஃபோட்டன் தீவுகளுக்கு வருகிறது. தலையைக் கொய்து, குடலை எடுத்து, வாலோடு வால் கட்டி, மரச்சட்டங்களில் ஜோடி ஜோடியாகத் தொங்கவிடுகிறார்கள். மீதி வேலை காற்றினுடையது. அந்தப் பருவத்தில் குளிர் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். அதைவிட ஏறினால் மீன் கெடும், ஈ மொய்க்கும். அதைவிட இறங்கினால் உறைந்து சதை உடையும். உங்களுக்கு வெயிலும் உப்பும் செய்கிற வேலையை அவர்களுக்கு அந்த இரண்டுங்கெட்டான் குளிர் செய்கிறது. மூன்று மாதத்தில் மீன் விறகாகிவிடும். ஊறவைக்காமல் சமைத்தால் பல்லுக்கு உத்தரவாதம் இல்லை.

கப்பல் உடைந்து 1432-ல் அங்கே ரொஸ்ட் தீவில் ஒதுங்கிய பியெத்ரோ குவெரினி என்ற வெனிஸ் வியாபாரி இந்தக் கருவாட்டை ஊருக்குக் கொண்டுபோனார். இன்றும் நல்ல சரக்கெல்லாம் இத்தாலிக்குத்தான். தலைகள் நைஜீரியாவுக்கு, அங்கே குழம்புக்கு அதுதான் உயிர். உங்கள் கடையில் நெத்திலித் தலையைக் கிள்ளிப்போடுகிற வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அந்த ஊர்களில் நாற்றம் எப்படி? (பெயர் வேண்டாம், கோவை)

‘பண வாசனை’ என்பார்கள் உள்ளூர்க்காரர்கள். மூக்கைப் பொத்துகிறவர் வெளியூர் என்று அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

காட் மீனின் நாக்கை வெட்டும் வேலையைக் குழந்தைகள் செய்கிறார்களாமே? அநியாயம் இல்லையா? (மதுரை ஆசிரியை)

பெரியவர்கள் அந்த வேலையைப் பிடுங்கினால்தான் அங்கே அநியாயம்! பள்ளி விட்டதும் நேரே மீன் கூடத்துக்கு ஓடி, நாக்கு அறுத்து விற்று, கைக்காசு சேர்ப்பது அந்தப் பிள்ளைகளின் பரம்பரை உரிமை. வீட்டுப்பாடம் எப்போது என்று கேட்காதீர்கள்.

ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டும்போது ஏதாவது சடங்கு உண்டா? (தஞ்சாவூர் வாசகர்)

போகும்போது சட்டைக் காலருக்குள் ஒரு கரண்டி ஐஸ். திரும்பும்போது வாயில் ஒரு கரண்டி மீன் எண்ணெய். விளக்கெண்ணெய்க்குத் தப்பித்த தலைமுறைக்கு நல்ல வாய்ப்பு.

மீனவர் குடிசையிலேயே தங்கலாமா? (சென்னை, ஐ.டி. ஊழியர்)

தாராளமாக. ‘ரோர்பு’ என்று பெயர். வெளியூரிலிருந்து துடுப்புப் போட்டு வந்த மீனவர்கள் குளிரில் விறைக்காமல் இருக்க 12-ம் நூற்றாண்டிலேயே எய்ஸ்டெய்ன் மன்னர் கட்டிக்கொடுத்தவை என்பார்கள். படகுக்கு மோட்டாரும் படுக்க அறையும் வந்ததும் மீனவர் படகிலேயே தூங்க ஆரம்பித்தார், குடிசை காலியானது. இப்போது வைஃபையோடு உங்களுக்கு வாடகைக்கு. ஒரு காலத்தில் பத்துப் பேர் நெருக்கிப் படுத்த அறையில் நீங்கள் இரண்டு பேர் ‘இடம் போதவில்லை’ என்று விமர்சனம் எழுதாமல் இருந்தால் சரி.

அங்கே மீனவர்களுக்குள் சண்டையே வராதா? (ராமேஸ்வரம் வாசகர்)

உங்கள் ஊரிலிருந்து வராமல் வேறு எங்கிருந்து வரும் இந்தக் கேள்வி? 1890-ல் ட்ரோல்ஃபியோர்டு என்ற குறுகலான கடல் இடுக்குக்குள் காட் கூட்டம் நுழைந்தது. முதலாளிகளின் நீராவிக் கப்பல்கள் வாயிலை வலையால் அடைத்துவிட்டன. துடுப்புப் படகுக்காரர்கள் விடுவார்களா? கையில் கிடைத்ததோடு பாய்ந்து அடைப்பை உடைத்தார்கள். பின்னால் சட்டமும் அவர்கள் பக்கம் திரும்பி, அந்த வகை வலைக்குத் தடை வந்தது. குன்னர் பெர்க் என்ற ஓவியர் அந்தச் சண்டையைப் பெரிய ஓவியமாகவே தீட்டிவைத்தார். விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நடக்கும் வழக்கை நேரில் பார்த்த நீங்கள் அந்த ஓவியத்தின் முன் நின்றால் வழிகாட்டி தேவைப்படாது.

அப்படி ஒரு கப்பல் எங்கள் கிராமத்துக்கும் வந்தால் எப்படி இருக்கும்? (கன்னியாகுமரி மாவட்ட மீனவர்)

வந்தால் உள்ளே நீச்சல் குளம் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள் அண்ணாச்சி. உங்கள் ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொள்வானா, கிலோவுக்கு என்ன கூலி என்று முதலில் கேளுங்கள்.